சனி ஞாயிறு கராஜ்: சூடானால் நிற்கும் பத்மினி, எழுந்துவிட்ட ஹெரால்டு

தறிக்கூட_கராஜ்
ஞாயிறு, இரவு 10.20

சோமனூர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் தறிக்கூடம் சும்மா கிடக்கிறது. தறிகளை எல்லாம் எடைக்குப் போட்டாகிவிட்டது. தரையில் போல்ட் பதித்திருந்த குழிகளும் உத்திரத்தில் பஞ்சுத் தூசியும்தான் மிச்சம். எங்கள் செட் சனி ஞாயிறு அங்கேதான் கூடுகிறது. லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார், ஐ.டி.யில் இருக்கும் ஒரு தம்பி, அப்புறம் நான். தம்பிக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது, ஆனால் கழற்றும் ஒவ்வொரு நட்டையும் போட்டோ எடுத்து வைத்துவிடுவான். திருப்பி மாட்டும்போது அவன்தான் ராஜா.

வண்டிகள் இரண்டு. வாத்தியாரின் 1984 பிரீமியர் பத்மினி, ஓடுகிற வண்டி. லேத் அண்ணனின் மாமனார் தோட்டத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடந்த 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு.

ஹெரால்டைப் பற்றி முதலில். பல வருடம் நின்ற என்ஜினில் எடுத்த எடுப்பில் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிக்கக் கூடாது என்பதில் எங்கள் நால்வருக்கும் ஒரே கருத்து. வெள்ளிக்கிழமை ராத்திரியே பிளக்குகளைக் கழற்றி, நாலு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்துவிட்டோம். காலையில் ஹேண்டில் போட்டு அண்ணன் மெதுவாக அழுத்தினார். முதலில் அசைவே இல்லை. பலத்தைக் கூட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்ததில் கால் சுற்று வந்தது, கொஞ்ச நேரத்தில் முழுச் சுற்று. பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் லைட் அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டினோம். டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடித்தது, நிறம் டீ டிகாக்‌ஷன். அதைத் தொடாமல் தனியாக ஒரு கேனிலிருந்து குழாய் போட்டோம். பாயின்ட் இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தவ், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஞாயிறு மதியம் பிடித்துக்கொண்டது. கூடம் முழுக்கப் புகை. பக்கத்து மில்லிலிருந்து ஆள் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார்.

என்ஜின் ஓடுகிறது, வண்டி ஓடாது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெடலை மிதித்தாலும் கியர் விழ மறுக்கிறது. பிரேக்கில் நாலு வீல் சிலிண்டரும் ஜாம். பிஸ்டன்களைக் காற்றடித்து வெளியே தள்ளி, சிலிண்டர்களின் உள்சுவரைத் தேய்த்து மெருகேற்ற, அதாவது ஹோனிங்குக்கு, லேத் அண்ணனிடம் கொடுத்திருக்கிறோம்.

இந்த வண்டியில் வேலை செய்வதில் இருக்கும் சுகத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பானெட் என்று தனியாக ஒன்று கிடையாது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, டீ கிளாஸைச் சேஸிஸ் மேல் வைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றலாம். முதுகு வலிக்காமல் வேலை பார்க்க விட்ட கார் என் அனுபவத்தில் இது ஒன்றுதான்.

இப்போது கேள்விகள்.

பத்மினி: காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் அருமை. அவிநாசி ரோட்டில் ஏறி இருபது நிமிடம் போனால் திணறி நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "வேப்பர் லாக்" என்கிறார்கள், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறதாம். ஈரத்துணி சுற்றியும் பார்த்தாயிற்று.

ஹெரால்டு: முன் வீலின் கீழ்ப்பக்கம் இருக்கும் ட்ரன்னியனுக்கு கிரீஸா, ஆயிலா? இங்கே பெரிய மெக்கானிக் ஒருவர் "நிப்பிள் இருந்தால் கிரீஸ்தான், இதில் என்ன சந்தேகம்" என்கிறார். பழைய ஹேண்ட்புக்கில் ஆயில் என்று போட்டிருப்பதாக வாத்தியார் சொல்கிறார்.

ரிங்ஸ்பானர்
ஞாயிறு, இரவு 10.48

ஃபியூயல் பம்ப்பில் துணி கிளிப் மாட்டிப் பாருங்க. எங்க அப்பா அப்படித்தான் ஊட்டி மலை ஏறுவார்.

சோலெக்ஸ்32
ஞாயிறு, இரவு 11.30

துணி கிளிப், ஈரத்துணி எல்லாம் அப்புறம். வேப்பர் லாக் என்று முடிவு கட்டுவதற்கு முன், வண்டி நிற்கிற அந்த இடத்திலேயே பார்க்க வேண்டியவை மூன்று உண்டு. அரைமணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் எந்தத் தடயமும் கிடைக்காது.

நின்றதும் இறங்கிப் போய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகிறது. பெயிண்ட் அடிக்கும்போது இந்தத் துளையை அடைத்துவிடுகிற ஆட்கள் உண்டு.

அடுத்தது பெட்ரோல் வருகிறதா என்பது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடி வயரைக் கழற்றி எர்த்தில் கட்டிவிடுங்கள். கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டுப் பீய்ச்சினால் பம்ப் சரி. சூடான என்ஜின் பக்கத்தில் பெட்ரோல் சொட்டவிடாதீர்கள். பீடி பிடிக்கிறவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, ஸ்பார்க். நீலமாகச் சட்சட்டென்று குதித்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள். முனை கருகியிருந்தால் கண்டன்சர் மேல் எனக்குச் சந்தேகம். பாயின்ட் பிரியும் நொடியில் அங்கே பொறி பறக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது செத்தால் காயிலில் சேர்ந்த மின்சாரம் சட்டென்று அறுபடாமல் பாயின்ட் மேலேயே எரிந்து தீரும், பிளக்குக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, சூடானால் மட்டும் படுக்கிற கண்டன்சர்கள் நிறைய. காயிலும் இதே வித்தையைக் காட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது கெட்டது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ரோட்டில் செய்து பார்க்க ஒரு குறுக்குவழி: நல்ல கண்டன்சர் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. அதன் வயரைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையில் மாட்டி, உடலை எர்த்தில் அழுத்திக் கட்டினால் போதும். சூட்டிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனால் திருடன் அகப்பட்டான்.

வண்டலூர்வாசி
திங்கள், காலை 6.15

ட்ரன்னியன் கேள்விக்கு வருகிறேன். என் அப்பா ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் இது சோறு சாப்பிடும்போது பேசுகிற விஷயம்.

ஆயில்தான். ஈ.பி. 90 கியர் ஆயில். வாத்தியார் சொன்னது சரி.

காரணமும் சொல்கிறேன், உங்கள் பெரிய மெக்கானிக்கிடம் காட்டலாம். ஹெரால்டில் முன் வீலைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரை வெட்டிய இரும்பு. அது வெண்கல ட்ரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுற்றுகிறது, வண்டியின் முன்பாரமும் அங்கேதான். கிரீஸ் அடித்தால் மேலே நின்றுவிடும், மரையின் அடிவரை இறங்காது. நாளாக ஆக மெழுகாகிக் கெட்டிப்படும். அடியில் தண்ணீர் புகுந்து துருவேறி, ஒருநாள் தண்டு ஒடியும். வீல் மடங்கி வண்டி முகம் குப்புற உட்காரும். பெரும்பாலும் வீட்டு வாசலில் முழு ஒடிப்பு ஒடிக்கும்போதுதான் நடக்கும், அதனால் உயிர் பிழைத்தவர்கள் அதிகம். வேகத்தில் நடந்தால் கதை வேறு.

ட்ரன்னியனை முழுசாகக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, மரை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். லேத் அண்ணனுக்கு முக்கியமான தகவல்: இரண்டு பக்கமும் ஒரே மரை கிடையாது. ஒன்று வலமரை, மற்றது இடமரை. கழற்றியவுடன் அடையாளம் போட்டு வையுங்கள். தேய்ந்த தண்டை வெல்டிங் வைத்து ஏற்ற வேண்டாம்.

உங்கள் வண்டியைப் பற்றி நாலு வார்த்தை. மதராஸில் 1948இல் தொடங்கிய கம்பெனி அது. ஹெரால்டு 1961இல் வந்தது. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம், உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஆனால் நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையாது, அது நம் ஊர்ச் சரக்கு. மார்க் 3 வந்தது 1968இல். 1971இல் அதை நிறுத்திவிட்டு கெஸல் என்று கொண்டுவந்தார்கள், அது 1977 வரை வந்தது. ஹெரால்டில் பின் வீல் இரண்டும் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்வீல் உள்ளே மடங்கப் பார்க்கும். நம் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. கெஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் வளைவுகளில் வித்தை காட்ட வேண்டாம்.

கடைசியில் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் விட்டார்கள். ரோவர் எஸ்.டி.1 உடம்பு, உள்ளே பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு கார் காலத்து 2 லிட்டர் என்ஜின். பெட்ரோல் குடித்தது, விலையும் அதிகம், மாருதி வந்த நேரம். அதோடு முடிந்தது கதை. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

ரிங்ஸ்பானர்
திங்கள், காலை 9.02

ஐயா ஒரு சந்தேகம். ஹெரால்டு 948 சிசி. மோரிஸ் மைனரும் 948 சிசி. பிஸ்டன் ஒன்றுக்கொன்று சேருமா? புதுப்பேட்டையில் மைனர் பிஸ்டன் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

வண்டலூர்வாசி
திங்கள், காலை 9.40

வாங்கிவிடாதீர்கள் தம்பி. சிசி ஒன்றாக வந்தது தற்செயல். ஹெரால்டு என்ஜினின் போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76. மைனரில் 62.9, 76.2. கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆனால் அது டிரையம்ஃப் என்ஜின், இது ஆஸ்டின் வழி வந்த ஏ சீரிஸ். குடும்பமே வேறு.

யாழ்_மொறிஸ்
திங்கள், மாலை 5.25

வணக்கம் அண்ணைமார். மொறிஸ் மைனர் என்ற பெயரைக் கண்டவுடன் உள்ளே வந்துவிட்டேன். எங்கட பக்கத்தில் ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் வீட்டுக்காரர் மாதிரி. இப்பவும் கலியாண வீட்டுக்கு ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜில் மாப்பிள்ளை வந்து இறங்குவார். புதுக்கார் வைத்திருக்கிற மாப்பிள்ளையும்தான்.

கிளட்ச் ஒட்டினதுக்கு நாங்கள் செய்கிற வேலை இது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கோ. செங்கல் அடுக்கி விளையாட வேண்டாம். முன் சில்லுக்குத் தடை வையுங்கோ. என்ஜின் நிற்கும்போதே மூன்றாம் கியரில் போட்டு, அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் பின் சில்லு சுற்றும். சூடாகும்வரை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கைச் சட்டென்று மிதியுங்கோ. பலமுறை செய்ய "டக்" என்று விடும். உங்களுக்கு முதலில் பிரேக் வேலை முடிய வேண்டும். இந்த நேரம் வண்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது.

நீங்கள் பெற்றோல் பழசு என்று கேன் போட்டதை வாசிக்கச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்திருக்கிற சாமான். கார்ப்பரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அந்தப் பழைய என்ஜின்களின் கொம்பிறஷன் குறைவு, அதனால்தான் தாங்கியது. தட்டாமல் இருக்க டைமிங்கைப் பின்னுக்கு வைக்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் ஒயில் சம்ப்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும், ஒயிலும் கிடைக்காது. தெருவெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை. அந்த நேரத்தில் கராஜ்காரருக்கு டொக்டருக்கு இருந்த மரியாதை.

அம்பாசடர் வைத்திருக்கிறவர்கள் இருந்தால் ஒரு கேள்வி. கேம்பிரிஜ்ஜின் 1489 சிசி என்ஜினும் உங்கட பழைய அம்பாசடர் என்ஜினும் ஒரே பி சீரிஸ்தானே. டைமிங் செயினும் வோட்டர் பம்ப்பும் கோயம்புத்தூரில் இப்பவும் எடுக்கலாமா?

ஃபியட்ராணி
திங்கள், இரவு 8.10

மதுரையிலிருந்து. அப்பாவின் பத்மினியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன், கடைக்கு, கோயிலுக்கு, எல்லாவற்றுக்கும். சோலெக்ஸ்32 அண்ணா சொன்ன சோதனைகளை நானும் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் வேப்பர் லாக்கை அடியோடு தள்ளிவிடாதீர்கள். பெட்ரோலே மாறிவிட்டதே.

2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கிய ஈ20, இப்போது எங்கே போனாலும் அதுதான். அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும். நம் பானெட்டுக்குள் சித்திரை மாதம் டிராஃபிக்கில் நிற்கும்போது என்ன சூடு இருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, எத்தனால் எரிய பெட்ரோல் அளவுக்குக் காற்று தேவையில்லை. அதனால் கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டை அப்படியே வைத்திருந்தால் கலவை நீர்த்துப்போகிறது. எனக்கு சோக் தள்ளியபின் இழுவை குறைந்து, தும்முகிற மாதிரி ஆனது. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கிய பிறகு தும்மல் நின்றது.

ஆனால் எனக்குப் பயமே ரப்பர்தான். பழைய கறுப்பு ஹோஸைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். என்னுடையது வெளியே பளபளவென்று இருந்தது, உள்சுவர் மட்டும் தோலாக உரிந்து ஜெட்டில் போய் அடைத்தது. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பம்ப் டயாஃப்ரத்தையும் சேர்த்து. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கிறவர்கள் டேங்க்கில் ஈ20 பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்து அடியில் துரு பிடிக்கும்.

டர்போ_தம்பி
திங்கள், இரவு 9.30

எல்லாரும் கோபப்படாதீங்க. இவ்வளவு பாடு எதுக்கு? பத்மினியில் மாருதி 800 என்ஜின், ஐந்து கியர் பாக்ஸ், முன்னாடி டிஸ்க் பிரேக், எலக்ட்ரானிக் இக்னிஷன். வெளியே பழைய கார், உள்ளே தலைவலி இல்லை. வாரக்கடைசி முழுக்கக் கீழே படுத்துக் கிடப்பதற்குக் குடும்பத்தோடு எங்காவது போய்விட்டு வரலாமே.

சோலெக்ஸ்32
திங்கள், இரவு 9.52

கீழே படுத்துக் கிடப்பதற்காகத்தான் தம்பி வாரக்கடைசியே.

வண்டலூர்வாசி
செவ்வாய், காலை 6.30

எலக்ட்ரானிக் இக்னிஷன் வரை நான் ஒத்துக்கொள்வேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும், வேண்டாம் என்றால் பாயின்ட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். என்ஜின் மாற்றுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் என்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் சேராவிட்டால் எஃப்.சி. அன்று தெரியும்.

ஹெரால்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, அவ்வளவுதான். சேஸிஸிலும் உடம்பிலும் என்ஜினிலும் கை வைத்தால் அந்தத் தகுதி போய்விடும். 1984 பத்மினிக்கு இந்த வழி இன்னும் திறக்கவில்லை. அதற்கு வழக்கமான ஆர்.சி. புதுப்பித்தல்தான்.

ஃபியட்ராணி
செவ்வாய், காலை 7.05

அந்தப் புதுப்பித்தலைப் பற்றி ஏன் ஐயா காலையிலேயே ஞாபகப்படுத்துகிறீர்கள். 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். போன வருஷம், 2025இல், 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆயிற்று. டர்போ தம்பிக்கு: டிஸ்க் பிரேக் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நாலு டிரம்மும் ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த பத்மினி, அதன் வேகத்துக்கு நன்றாகவே நிற்கும். நிற்காத பத்மினி என்று எனக்குக் காட்டிய வண்டிகள் எல்லாம் ஷூவை அட்ஜஸ்ட் செய்யாதவை.

தறிக்கூட_கராஜ்
அடுத்த ஞாயிறு, இரவு 9.45

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சனி காலை பத்மினியை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே வெயில் ஏறின பிறகு கிளம்பினோம். வாத்தியார் ஓட்ட, நான் பக்கத்தில், பின்சீட்டில் தம்பி ஒரு காலி தண்ணீர் பாட்டிலும் பிளக் ஸ்பானரும் மடியில் வைத்துக்கொண்டு. கருமத்தம்பட்டி தாண்டியதும் சொல்லி வைத்த மாதிரி திணறல் ஆரம்பித்தது. ஓரங்கட்டினோம்.

டேங்க் மூடி: காற்று இழுக்கவில்லை. பெட்ரோல்: பாட்டிலில் கெட்டியாகப் பீய்ச்சியது. ஸ்பார்க்: பிளக்கை வெளியே எடுத்து எர்த்தில் வைத்து அடித்தால் மெல்லிசாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று, அதுவும் ஒன்று விட்டு ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து தீக்குச்சியால் பாயின்ட்டை விலக்கினோம், வெயிலிலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பொறி. முனை இரண்டும் நீலம் பாய்ந்து கருகியிருந்தன.

சோலெக்ஸ்32 சொன்னபடி பழைய கண்டன்சர் ஒன்றைக் காயிலின் பக்கத்தில் மாட்டினேன். உடலை எர்த்தில் கட்ட வயர் இல்லை. வாத்தியார் தன் சாவிக்கொத்து வளையத்தைக் கழற்றிக் கொடுத்தார். செல்ஃப் அடித்த மாத்திரத்தில் பிடித்தது. என்ஜின் கை வைக்க முடியாத சூடு, ஈரத்துணி இல்லை, கிளிப் இல்லை. அப்படியே அவிநாசி போய் டீ குடித்துவிட்டு, கண்டன்சர் வெளியே தொங்கத் தொங்கவே திரும்பினோம். திணறலே இல்லை.

இதில் கடுப்பு என்னவென்றால், கெட்டது போன தீபாவளிக்கு முன்பு வாங்கிய புது கண்டன்சர். கடைப்பெயர் வேண்டாம். வெளியே தொங்கியது வாத்தியாரின் அப்பா காலத்தில் கழற்றி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தது. ஃபியட்ராணி சொன்னதும் வீண் போகவில்லை. ஹோஸை வளைத்துப் பார்த்தோம், உள்சுவர் உரிய ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம்.

ஞாயிறு ஹெரால்டு. பிரேக் ஆயிலை ஏற்றிக் காற்று எடுக்கும் வேலை. தூரத்து வீலிலிருந்து தொடங்க வேண்டும். ஹெரால்டில் அது இடது பின்வீல். அண்ணன் உள்ளே பெடலில், நான் வீல் பக்கத்தில் நிப்பிளில் குழாய் மாட்டி, குழாயின் மறுமுனை பாட்டிலில். "மிதி", "மிதிச்சிருக்கேன்", திறந்து மூடி, "விடு". இதையே கூடம் எதிரொலிக்க ஒரு மணி நேரம். குமிழி வருவது நின்று, பெடல் பாதியிலேயே கல்லாக நின்றபோது அண்ணன் உள்ளேயிருந்து போட்ட சத்தத்தில் உத்திரத்திலிருந்து புறா பறந்தது. ரப்பர் வாஷர்களைக் கழுவ ஒருவர் டீசலை எடுத்தார், நல்லவேளை வாத்தியார் பார்த்துவிட்டார். டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போய்விடும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும்.

கிளட்ச் யாழ்ப்பாணத்து வைத்தியத்துக்கு மசிந்தது. பல தடவை மிதித்த பிறகு "டக்". ஹெரால்டு தன் காலில் கூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. 7.6 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பும் வண்டி என்று படித்திருந்தேன், தறிக்கூடத்து முற்றத்தில் ரிவர்ஸ் இல்லாமலேயே திரும்பியதைப் பார்த்ததும்தான் நம்பினேன். முற்றத்தைத் தாண்டி விடவில்லை. ஏனென்றால் ட்ரன்னியனைக் கழற்றிப் பார்த்துவிட்டோம்.

வலது பக்கம் தப்பித்துவிட்டது. இடது பக்கம் வண்டலூர் ஐயா சொன்னது அப்படியே. மேலே கிரீஸ் சோப்புக்கட்டி மாதிரி. அடி மரையில் துரு, நாலைந்து சுற்று மரையே இல்லை. பெரிய மெக்கானிக்கிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு நாள் யாருக்கெல்லாம் கிரீஸ் அடிச்சேன்னு யோசிக்கிறேன்" என்றார்.

ட்ரன்னியனைக் கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) கடைந்துவிடலாம் என்கிறார் லேத் அண்ணன். செங்குத்துத் தண்டு வாங்கியே ஆகவேண்டும். இடது பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

இன்னொரு சில்லறை விஷயம், புதிதாக ஹெரால்டு எடுக்கிறவர்களுக்காக. எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு டூல் பெட்டி. பத்மினிக்கு மி.மீ., ஹெரால்டுக்கு இஞ்சு. அரை இஞ்சு நட்டில் 13 ஸ்பானர் உட்காரும், உட்கார்ந்து ஏமாற்றும். 12.7தான் அரை இஞ்சு. அந்த 0.3 போதும், இறுகின நட்டின் மூலையைத் தின்றுவிட. தம்பி ஹெரால்டு பெட்டிக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறான்.

சோலெக்ஸ்32
ஞாயிறு, இரவு 10.05

அந்தக் கருகிய பாயின்ட்டையும் மாற்றிவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டினால் சீக்கிரமே மறுபடி கருகும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று ஒரு போட்டோ போடுங்கள்.

ரிங்ஸ்பானர்
ஞாயிறு, இரவு 10.30

யாழ் அண்ணைக்கு: உக்கடத்தில் விசாரித்தேன். அம்பாசடர் பெட்ரோல் என்ஜினின் டைமிங் செயின் கிடைக்கிறது. வாட்டர் பம்ப் பழையதை ரீகண்டிஷன் செய்து தருகிறார்கள். உங்கள் பம்ப்பின் போட்டோவும், புல்லி உட்காரும் இடத்தின் அளவும் அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறேன்.

வண்டலூர்வாசி
திங்கள், காலை 6.10

இடது தண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அப்பா எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்தது, புதுசு. காசு வேண்டாம். கன்மெட்டலில் கடைகிற அண்ணன் எனக்கும் ஒரு ஜோடி கடைந்து தரட்டும். வலமரை ஒன்று, இடமரை ஒன்று. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன்.